மூன்று வீட்டு அம்மாயி

அம்மாயி என்றால் யார் என்று எங்கள் இட்டேரியில், வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில், கேட்டால் மூன்று வீட்டிலும் மூன்று பதில் வரும். எங்கள் வீட்டில் கேட்டால் அம்மாவைப் பெற்ற பாட்டி. எதிரே இருந்த தெலுங்கு வீட்டில் கேட்டால் சின்னப் பெண். இட்டேரி முடிகிற இடத்தில் மலையாளத்து வாத்தியார், மாஷ் வீட்டில் கேட்டால் மாமன் பெண்சாதி, அத்தை முறை. மூன்று வீட்டுக்கும் ஒரே சொல்தான். மூன்று வீட்டிலும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்ததும் ஒரே ஆள்தான்.

அவர் யாருக்கும் பாட்டியில்லை, யாருக்கும் அத்தையில்லை. நாற்பது வயதிருக்கும். முன்னந்தலையில் மட்டும் விபூதி பூசியது போல ஒரு கொத்து நரை. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கேட்காமல் இருந்தோம் என்பதில்லை, கேட்கத் தோன்றவில்லை. பெயர் இல்லாமல் இருந்தால்தானே கேட்க.

முதலமடைப் பக்கம் அப்போது மாந்தோப்பு பெருகிக்கொண்டிருந்த காலம். பொள்ளாச்சிக் குத்தகைக்காரர் ஒருவர் எங்கள் காட்டுக்கு மேற்கே ஒரு தோப்பை எடுத்திருந்தார். அதில் காய்க்கு வைக்கோல் பரப்பி அடுக்குகிற வேலைக்கு வந்தவர்தான் அம்மாயி. தோப்பிலேயே ஒரு சாளை, ஓலைக் குடிசை. வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர், மலையை விட்டு இறங்கி வந்துவிட்டார் என்று சொன்னார்கள். புருஷனைப் பற்றிக் கேட்டால், "அவுக மலையில இருக்காக" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று இருக்கும். வருஷா வருஷம் கயிறு புதிதாகும்.

பெயர் வந்த கதை இது. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு மோர் வாங்க வந்து வாசலில் நின்றார். என் அண்ணன் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியவள். அவளைப் பெற்றவளின் தாயாருக்கும் இதே போல முன்னந்தலையில் நரை. குழந்தை நரையைப் பார்த்தாள், "அம்மாயி" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க பக்கம் ஆச்சின்னு சொல்லுவோம். உனக்கு அம்மாயின்னா சரி, அம்மாயி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர் அம்மாயி. அம்மாகூட, தன்னைவிடச் சின்னவளை, "வாங்க அம்மாயி" என்றுதான் கூப்பிடுவார்.

இது எதிர்வீட்டுக்குக் கேட்டது. தெலுங்கு வீட்டு அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் பேச்சில் அம்மாயி என்றால் பாவாடை கட்டுகிற பெண். "ஏனுங்க, தலை நரைச்சவளைப் போயிப் புள்ளைங்கறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விளக்கம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டார், ஆனால் விடவில்லை. "உங்களுக்குக் கிழவின்னா இருக்கட்டும். எங்களுக்குப் புள்ளை" என்று அன்றைக்கே, "ரா அம்மாயி, ரா" என்று கூப்பிட்டுக் கடலை உருண்டை கொடுத்தார். விளையாட்டுக்கு ஆரம்பித்ததுதான். அக்காவின் இரண்டு பெண்களையும் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் தலை பின்னிவிட ஒரு தலை இல்லை. கொஞ்ச நாளில் அந்தத் தாழ்வாரத்தில் அம்மாயியை உட்கார வைத்து எண்ணெய் தடவி, பின்னி, கனகாம்பரம் வைத்துவிடுவார். இவரும் காலை நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற பெண் மாதிரி, "வலிக்கி, மெதுவா இழுங்க" என்பார்.

மாஷ் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறவர்கள். இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோனார்கள். அங்கே அது அத்தையானது. மாஷின் சம்சாரம் பலகை எடுத்துப் போட்டு, "அம்மாயி இரிக்கூ" என்பார். அங்கே அம்மாயி குரலை இறக்கிப் பேசுவார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்.

எனக்கு அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், மாங்காய் வெட்ட அம்மாயிக்கு எடுபிடியாக மூன்று வீட்டுக்கும் போவேன். அதனால் பார்த்தேன். ஒரே நாளில், ஒரே வெயிலில், எங்கள் வீட்டுப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், "அம்மாடி" என்று உட்காருவார், ஆண்பிள்ளைகளைக்கூட அதட்டுவார். என் அய்யன், எங்கள் அப்பா, வந்தால் மற்றப் பெண்கள் எழுந்து நிற்பார்கள், அம்மாயி நிற்க மாட்டார். பாட்டி எதற்கு நிற்க வேண்டும். அங்கிருந்து இட்டேரியைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனால் இடுப்பு வலி போய்விடும். ஒரே தாவில் வாசல்நடை ஏறிவிடுவார். ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. வயது என்பது சுமந்துகொண்டு போகிறது இல்லை, அந்தந்த வீட்டில் வாங்கிக்கொள்கிறது என்பது போல அத்தனை இயல்பாக இருக்கும்.

அவரை மூன்று வீடும் விரும்பியதற்கு வாய் மட்டும் காரணமில்லை, கையும் காரணம். மாங்காய்ச் சாடி போட அம்மாயி கை வைத்தால் வருஷம் கடந்தும் பூசணம் பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு மாவடு. தெலுங்கு வீட்டுக்கு ஆவக்காய். மாஷ் வீட்டில் காம்போடு பறித்த பிஞ்சை, கண்ணிமாங்காயை, பரணி என்கிற அவர்கள் சாடியில் போட்டுத் துணி கட்டி மூடுவார்கள். மூன்றையும் அந்தந்த வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் அம்மாயி கற்றுக்கொண்டார். கற்றபிறகு அவர்களைவிட நன்றாகச் செய்தார். ஒவ்வொரு காயையும் பழைய வேட்டியில் தனித்தனியாகத் துடைப்பார். சாடி வாயில் மூக்கை வைத்து முகர்ந்துதான் உப்புப் பார்ப்பார், ருசி பார்க்க மாட்டார். ஒரு வீட்டுப் பக்குவத்தை இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டார். தெலுங்கு வீட்டு அக்கா ஒரு முறை, மாஷ் வீட்டுப் பரணிக்குக் கடுகு எவ்வளவு என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். அம்மாயி யோசிப்பது போலப் பாவனை செய்து, "அது அந்த வீட்டு அம்மாயிக்குத்தான் தெரியும். என்கிட்ட அவ சொல்லலியே" என்றார்.

ஒரு சாயங்காலம் மாஷ் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். மாங்காய் வெட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். மாஷ் செவிட்டுப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்துவார் என்று கேலி செய்வார்கள், அவ்வளவு பேச்சுக்காரர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். அம்மை என்றால் பெற்றவள். ஆயி என்றாலும் பெற்றவள்தான், பம்பாய்ப் பக்கம் இன்றைக்கும் தாயை ஆயி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் இரண்டும் சேர்ந்து தாய்க்குத் தாய் ஆனது. மலையாளத்தில் அம்மாவன் என்றால் தாய்மாமன், அவன் பெண்சாதிக்கும் தாய் ஸ்தானம் கொடுத்து அம்மாயி என்றார்கள். தெலுங்கில் பெண்குழந்தையை ஆசையாகத் தாயே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெண்ணுக்குப் பெயராக நின்றுவிட்டது. "நிங்ஙளும் சின்னப் பெண்ணை வாம்மா போம்மான்னு விளிக்கிறதில்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது நேராகக் கேட்டால் எனக்கு அப்போது பேச்சு வராது, இப்போதும் அவ்வளவாக வராது.

அம்மாயி உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போகிறவர்களுக்காக ஒரு கொட்டகை உண்டாம், அதில் பிள்ளை பார்க்கிற வேலை இவருக்கு. "அங்க என்னைய ஆயான்னாக, மாஷே. அதுவும் இந்த ஆயிதானா?" என்றார். இல்லை, அது கப்பலில் வந்தது என்றார் மாஷ். வெள்ளைக்காரனுக்கு முன்னால் வந்த பறங்கிக்காரர்கள் பேச்சில் பிள்ளை வளர்க்கிறவளுக்கு அந்தப் பெயர், அவர்களிடமிருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், எஸ்டேட்டுக்கு வந்தது. நம் ஆயி வேறு, அந்த ஆயா வேறு. ஒரே ஜாடையில் இரண்டு பேர் வழியில் சந்தித்த மாதிரி என்றார்.

அம்மாயி கையைத் துடைத்தார். "ரெண்டு பேரும் பிள்ள தூக்குறவதானே. பெறகென்ன வேற" என்றார். மாஷ் அது சரிதான் என்று சிரித்தார்.

இப்போது சிக்கல் வந்த அந்த வருஷத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாங்காய்ச் சாடி லட்சுமி. உப்புப் போடுகிற கை கட்டுக்கழுத்தியின் கையாக, தாலியோடு இருக்கிறவள் கையாக இருக்க வேண்டும். என் பெரியம்மா புருஷனை இழந்தவர், எங்களோடுதான் இருந்தார். சாடி போடுகிற அன்றைக்கு அவராகவே மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெலுங்கு வீட்டிலும் இதே கட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

அந்த வருஷம் பங்குனியில் மாவடுவும் கண்ணிமாங்காயும் போட்டோம், சித்திரையில் ஆவக்காய் போட்டோம். எல்லாம் அம்மாயி கை. ஆனி மாதம், பழனிக்கு வந்த இடத்திலிருந்து தேடிக்கொண்டு, ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தோளில் பை, மலைக்குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "இந்த ஊர்ல எங்க மதினி இருக்காகளாம். முன்னந்தல நரச்சிருக்கும்" என்றார். அம்மாயியின் கொழுந்தன் என்று புரிந்து அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, எங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பில் பேசிக்கொண்டே போனார். மதினி புருஷன், எங்கள் அண்ணன், போய்ச் சேர்ந்தது தையில். மாசியிலேயே கோயம்புத்தூருக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற லாரிக்காரரிடம் ஆள் விலாசம் சொல்லி அனுப்பினோம், அவர் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டதாகவும் வந்து சொன்னார். கருமாதிக்குத்தான் வரவில்லை, ஒரு திதிக்காவது வரக் கூடாதா. அண்ணன் வேறொருத்தியை எஸ்டேட் லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்தது தப்புத்தான், அதற்காக இப்படியா.

எதிர்வீட்டு அக்கா அப்போது எங்கள் வாசலில்தான் இருந்தார்.

கொழுந்தன் தோப்புக்கு வழி கேட்டுப் போனார். தைக்குப் பிறகு மாசி, மாசிக்குப் பிறகு பங்குனி. கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. மூன்று வீட்டுச் சாடியும் தாலியறுத்தவள் கையால் போட்டது. அதுவும் தெரிந்தே போட்டது.

அக்கா எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு ஆள் பெரிய சாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தென்னைக் குழிக்குப் போனான். ஆவக்காய் சீக்கிரம் திறப்பது, கால்வாசி தின்று ஆகிவிட்டது. மிச்சத்தைக் கவிழ்த்தார்கள். நல்லெண்ணெயும் கடுகும் இட்டேரி முழுக்க மணத்தது. குழி ஓரமெல்லாம் சிவப்பு. ஊறுகாய்க்காக மட்டும் அக்காவுக்கு அந்தக் கோபம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாசி பூராவும் பங்குனி பூராவும் அந்தத் தலையைப் பின்னிப் பூ வைத்தது அவர் கை.

எங்கள் சாடியை ஆடிப் பண்டிகைக்கு, ஆடி நோம்பிக்குத்தான் திறப்போம். உள்ளறையில் துணி கட்டி நின்றது. எங்கள் வீடு என்ன செய்கிறது என்று மற்றவர்கள் பார்ப்பார்கள், அப்படியொரு வீடு. அம்மா சாடியைக் கவிழ்த்தால் அம்மாயிக்கு இந்தப் பக்கம் எந்த வாசலிலும் வேலையில்லை. சும்மா வாசலில் வந்து நிற்கவும் முடியாது. தோப்புக்காரரும் பார்ப்பார், காய் அடுக்கக்கூட வேறு ஆள் தேடுவார்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனார். குழந்தையும் அழுதுகொண்டே பின்னால் வந்தாள். அம்மாயி சாளைக்கு முன்னால் வைக்கோலில் கடைசிக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு இல்லை. கொழுந்தனை அனுப்பிவிட்டு, தானே கழற்றி வாய்க்காலில் விட்டதாகப் பிறகு சொன்னார்.

அம்மா நின்றபடியே கேட்டார். "மாசியிலயே தெரியுமுங்களா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சாடியைத் தொட்டீங்க?"

அம்மாயி கையில் இருந்த காயைப் பார்த்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தார். பிறகு சொன்னார். "சொல்லிரணும்னுதான் சேதி வந்த அன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்தேன். வாசல்ல கால் வைக்கல, இந்தப் பிள்ள எப்பவும் போல அம்மாயின்னு ஓடியாந்து கட்டிக்கிட்டா. அம்மாயிக்குப் புருசன் இருக்கானா செத்தானான்னு எந்தப் பேத்தியாவது கேக்குமாக்கா? இவ கேக்கல. நானும் சொல்லல."

அம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கயிறு அவுக கட்டினதில்ல. அவுக கட்டினது மலையிலயே இத்துப் போச்சு. ரோட்டுல ஒத்தப் பொம்பள நடக்கணும்னா கழுத்துல ஒண்ணு கெடக்கணும். நானே வாங்கி நானே கட்டிக்கிட்டது. அதையும் உங்களக் கேட்டுக் கட்டியிருக்கணும்."

"எதுத்த ஊட்டுலயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார் அம்மா. குரலில் முதலில் இருந்த கடுமை இல்லை.

"அங்க எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே" என்றார் அம்மாயி. சொல்லும்போது சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே முகத்தை வைக்கோல் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். 

வரும்போது மாஷ் வீட்டில் நுழைந்தோம். அங்கே எப்படி என்று அம்மா கேட்டார். மாஷின் சம்சாரத்துக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும், தன் தாயார் விதவையாகி எத்தனையோ காலம் ஆயிற்று, அவர் உப்புப் போட்டால்தான் தங்கள் வீட்டில் பரணி மூடுவார்கள் என்றார். அம்மா தலையாட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம், அது இங்கே உதவாது என்கிற தலையாட்டல்.

அதற்குப் பிறகு அம்மா உள்ளறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். சாடியைத் தூசி தட்டுவார், துணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார், வந்துவிடுவார். ஒரு நாள் பெரியம்மா மட்டும் அடுப்படியில் மெதுவாகச் சொன்னார், "கொட்டறதுன்னா சீக்கிரம் கொட்டிப்போடு. வெச்சுப் பாத்துட்டு இருக்காதே." அம்மா பெரியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடப் பிறந்த அக்காவின் கை. அந்தக் கையால்தான் எங்கள் வீட்டுச் சோறு தினமும் வேகும். சாடிக்கு மட்டும்தான் ஆகாது.

ஆடி நோம்பி அன்றைக்கு நடவு ஆட்களுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முற்றத்தில் இலை போட்டார்கள். தெலுங்கு வீட்டுப் பெரியவர் வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறை பேச வந்தவர், அவரும் உட்கார்ந்தார். அம்மா உள்ளே போய்ச் சாடியைத் தானே தூக்கி வந்து முற்றத்தின் நடுவில் வைத்தார். துணியை அவிழ்த்தார். எல்லோரும் கதை தெரிந்தவர்கள். சோற்றில் கை வைத்தவர்கள் எடுக்கவில்லை, பிசையவும் இல்லை.

அம்மா அகப்பையால் ஒரு வடுவை எடுத்தார். இலைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, தாலி கழுத்தில் தெரிய, எல்லோரும் பார்க்க, வாயில் போட்டுக் கடித்தார். எங்கள் வீட்டில் ஆண்கள், பிள்ளைகள், ஆட்கள் எல்லோரும் உண்டு எழுந்த பிறகுதான் அம்மா இலை போடுவார். அம்மா முதலில் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒரு முறைதான். மென்று விழுங்கிவிட்டு, "உப்புச் சரியா இருக்குது" என்றார்.

அய்யன் தலை நிமிராமல், "எனக்கொண்ணு போடு" என்றார். பிறகு இலை இலையாக அம்மா பரிமாறிக்கொண்டே போனார். தெலுங்கு வீட்டுப் பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே அம்மா ஒரு கிண்ணத்தில் சோறும் வடுவும் வைத்துக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தோப்புச் சாளைக்குப் போய் வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வருஷம் மாவடு போடும்போது அம்மாயி வெறும் கழுத்தோடு வந்து உட்கார்ந்தார். பெரியம்மா வழக்கம் போல மாட்டுக்கொட்டாய்க்கு எழுந்தார். அம்மா, "நீ எங்கெ போறே? காயைத் துடை" என்று வேட்டித் துணியை அவர் மடியில் போட்டார்.

எதிர்வீடுதான் வழிக்கு வரவில்லை. அந்த வருஷம் முழுவதும் அக்கா வீட்டில் ஆவக்காய் இல்லை. பெரியவர் தண்ணீர் முறை பேசுகிறேன், மாடு பார்க்கிறேன் என்று சாப்பாட்டு நேரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வருவார். மழை கொட்டுகிற நாளில்கூடத் தண்ணீர் முறை பேச வந்தார். அக்கா வேறு ஒருத்தியை வைத்துச் சின்னச் சாடி ஒன்று போட்டுப் பார்த்தார், சரியாக வரவில்லை என்றும் சொன்னார்கள். அது உண்மையோ, சொல்லிக்கொண்டதோ. அம்மாயி அந்த வீட்டைக் கடக்கும்போது நடையைத் தளர்த்தவும் மாட்டார், வேகமாக்கவும் மாட்டார். அக்கா உள்ளே போய்விடுவார்.

அடுத்த சித்திரையில் ஒரு காலை, அக்கா தானே தோப்புக்கு நடந்து போனார். அந்த வீட்டுப் பெண்கள் இட்டேரியில் தனியாக நடந்து நான் பார்த்ததில்லை. போய்ச் சாளைக்கு வெளியே நின்று, நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவர் போல, "ரா அம்மாயி, ரா" என்று கூப்பிட்டாராம். அம்மாயி எழுந்து, தன் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். எடுபிடிக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

நடையைத் தாண்டும் முன் அக்கா அவரை நிறுத்தினார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். அம்மாயி பின்னுக்கு நகர்ந்தார். தாலியறுத்தவள் நெற்றியில் குங்குமம் வைப்பது அன்றைக்கு லேசான காரியம் இல்லை. அக்கா சிமிழில் விரலைத் தொட்டார். "மா இண்ட்லோ நூவு அம்மாயிவே" என்றார். எங்கள் வீட்டில் நீ பெண்பிள்ளைதான் என்று அதற்கு அர்த்தம். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் ஒன்றும் நடக்காதது போல மாங்காயை எண்ணெய்க்கு முன்னால் வெயிலில் வைப்பதா பின்னால் வைப்பதா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு இது வழக்கமானது. தெலுங்கு வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் அம்மாயி நெற்றியில் பொட்டு இருக்கும். வேலை முடிந்து வெளியே வரும்போது வேலியோரம் நின்று முந்தானையால் துடைப்பார். துடைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் படி ஏறுவார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் வீட்டில் கொடுத்ததை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்குப் பக்குவம் சொல்லாமல் இருந்த நாளிலிருந்தே உள்ள நியாயம்.

ஒரு நாள் மழை வரும்போல இருந்தது. வெயிலில் காய்கிற மாங்காயை எடுக்க எங்கள் அம்மா இங்கிருந்து சத்தம் கொடுத்தார். அம்மாயி எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தார். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. முற்றத்தில் அய்யன் இருந்தார், நடவு ஆட்கள் இருந்தார்கள், பெரியம்மா இருந்தார். எல்லோரும் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கை முந்தானைக்குப் போனது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "இருக்கட்டும் விடுங்க அம்மாயி" என்றார். "அவிங்க ஊட்டுப் பொட்டு. அதை அழிக்க நாம ஆருங்க."

அம்மாயி கையை இறக்கினார். மழைக்கு முன்னால் காய்களை உள்ளே எடுத்தோம்.